தேவாலய ஜன்னலைச் செய்தது யார்? வேல்ஸ் பட்டியலும் மற்ற இணையச் சேவைகளும்: ஒரு மதிப்பீடு

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஏதோ ஒரு பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் சிக்கல். ஜன்னலிலேயே கையொப்பம் இருந்ததா, பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் பதிவு இருந்ததா, இல்லை "முகத்தைப் பார்த்தால் கெம்ப் பட்டறை வேலை மாதிரி இருக்கிறது" என்று யாரோ எழுதி வைத்ததா? திரையில் மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே அளவில்தான் தெரியும். இலவசமாகவும் கட்டணத்துக்கும் கிடைக்கும் முக்கியமான சேவைகளை இங்கே மதிப்பிடுகிறோம். அளவுகோல் ஒன்றுதான்: பெயரோடு சேர்த்துச் சான்றையும் காட்டுகிறதா?

அந்த வகையில் முதலிடம் 'ஸ்டெயின்ட் கிளாஸ் இன் வேல்ஸ்' பட்டியலுக்கு. அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ஷ், கெல்டிக் ஆய்வு மையம் உருவாக்கியது. 2011ல் வெளிவந்தது. பதிப்பாசிரியர் மார்ட்டின் கிராம்ப்பின். ஆங்கிலம், வெல்ஷ் இரண்டிலும் படிக்கலாம். கட்டணமோ பதிவுக் கணக்கோ தேவையில்லை. ஒரு ஜன்னலின் பக்கத்தைத் திறந்தால் கருப்பொருள், பட்டறை, வடிவமைத்தவர், ஆண்டு, தேவாலயத்துக்குள் அது இருக்கும் சுவர், யார் நினைவாக வைத்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வரும். பட்டறையையும் வடிவமைத்தவரையும் தனித்தனிப் புலங்களில் போட்டிருப்பதுதான் இதன் பெரிய பலம். பல பட்டியல்கள் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணித்துவிடும். அதனால் வரும் குழப்பம் எவ்வளவு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பக்கத்தின் அடியில் ஒரு சிறிய வரி உண்டு: பதிவைச் சேர்த்தவர் யார், கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று. முதலில் அந்த வரியைப் பாருங்கள். அண்மையில் திருத்திய பதிவு என்றால் புதிய தகவல் வந்து யாரோ சரிபார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெயருக்கு முன்னால் "இவராக இருக்கலாம்" என்ற ஐயச் சொல்லும், ஆண்டுக்கு முன்னால் "சுமார்" என்பதும் இருக்கின்றனவா என்று அடுத்துக் கவனியுங்கள். இந்தப் பட்டியல் ஐயத்தை மறைப்பதில்லை. ஆனால் இதிலிருந்து எடுத்து எழுதும் சுற்றுலாத் தளங்களும் ஊர் வரலாற்றுப் பக்கங்களும் முதலில் தூக்கி எறிவது அந்த ஐயச் சொல்லைத்தான். ஒரே பெயர் ஐந்து தளங்களில் இருக்கிறது என்பதால் அது உறுதியாகிவிடாது. ஐந்தும் ஒரே இடத்தில் எடுத்தவையாக இருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வேல்ஸின் எல்லாத் தேவாலயங்களும் இதில் அடங்கவில்லை. தேடிய ஊர் வரவில்லை என்றால் அங்கே நல்ல கண்ணாடி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 'பெயர் ஏன்' என்பதற்கான விளக்கமும் எல்லாப் பதிவுகளிலும் கிடைப்பதில்லை. சிலவற்றில் குறிப்பு ஒரு பத்தி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. கலைஞர் பெயரை அழுத்தினால் அவருடைய மற்ற ஜன்னல்கள் எல்லாம் வரிசையாக வருவது இந்தக் குறையைப் பாதி ஈடு கட்டுகிறது. கையொப்பமுள்ள இரண்டு மூன்று ஜன்னல்களின் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு நம் ஜன்னலோடு ஒப்பிடலாம். சுவான்சீயின் கெல்டிக் ஸ்டூடியோஸ் போன்ற உள்ளூர்ப் பட்டறைகளைப் பற்றி இவ்வளவு படங்களோடு வேறெங்கும் பார்ப்பது அரிது.

வடிவமைத்தவர், செய்தவர் என்ற பிரிவுக்கு வருவோம். ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1857 முதல் ஜேம்ஸ் பவல் அண்ட் சன்ஸ் என்ற கண்ணாடி நிறுவனத்துக்கு வரைந்தார். 1861ல் வில்லியம் மாரிஸின் நிறுவனம் தொடங்கிய பின் அதற்கு வரைந்தார். கண்ணாடியை வெட்டி, தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப் பட்டையில் கோத்தது பட்டறையாட்கள். 1898ல் அவர் இறந்தார். மாரிஸ் நிறுவனம் 1940ல்தான் மூடப்பட்டது. நடுவில் இருந்த நாற்பது ஆண்டுகளும் அவருடைய கார்ட்டூன்கள், அதாவது ஜன்னலின் அதே அளவில் வரைந்த மாதிரிப் படங்கள், அலமாரியில் சும்மா கிடக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டபோது எடுத்து, அளவை மாற்றி, பின்னணியை மாற்றி மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தினார்கள். வட வேல்ஸின் ஹாவர்டன் தேவாலயத்தில் மேற்குப் பக்கமுள்ள கிறிஸ்து பிறப்பு ஜன்னல் 1898ல் அவரே வரைந்தது. அதே கட்டடத்தில் அவர் மறைவுக்குப் பின் அவர் வரைபடங்களைக் கொண்டு செய்தவையும் இருக்கின்றன. "பர்ன்-ஜோன்ஸ் ஜன்னல்கள்" என்று ஒரே வரியில் சொல்லும் தளம் இரண்டையும் கலந்துவிடுகிறது. பட்டறை, வடிவமைப்பு, நிறுவிய ஆண்டு மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் விடை சரியாக வரும்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதைதான். காவென்ட்ரி பேராலயத்தின் ஞானஸ்நான ஜன்னலை வடிவமைத்தவர் ஜான் பைப்பர். கண்ணாடியில் செய்தவர் பாட்ரிக் ரெய்ன்டியன்ஸ். லண்டன் ஃபுல்ஹமில் லவுண்ட்ஸ் அண்ட் ட்ரூரி நடத்திய 'கிளாஸ் ஹவுஸ்' கட்டடம் இன்னொரு வகைச் சிக்கல். 1906ல் திறந்த அந்த இடத்தில் சொந்தப் பட்டறை இல்லாத கலைஞர்கள் அறையை வாடகைக்கு எடுத்து வேலை செய்தார்கள். அந்த முகவரி கிடைத்தால் கட்டடம் தெரிந்தது, அவ்வளவுதான். கலைஞர் யார் என்பது இன்னும் பாக்கி.

அயர்லாந்துக்கு 'குளோய்ன்' தளம். ஆங்கிலிக்கன் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் ஆர்.சி.பி. நூலகம் நடத்துகிறது, அயர்லாந்தின் பாரம்பரிய மன்றம் நிதி உதவி செய்தது. டேவிட் லாரன்ஸ் என்ற நிபுணர் நேரில் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு இதற்கு அடிப்படை. அது நன்றாகத் தெரிகிறது: பதிவுகள் எல்லாம் ஒரே கண்ணால் பார்த்தவை, ஒரே முறையில் எழுதியவை. மாவட்ட வாரியாகவும் கலைஞர் வாரியாகவும் தேடலாம். சாரா பர்சர் 1903ல் டப்ளினில் தொடங்கிய 'அன் டூர் குளோய்னே' கூட்டுப் பட்டறையின் கலைஞர்களை, அதாவது மைக்கேல் ஹீலி, வில்ஹெல்மினா கெட்டஸ், ஈவி ஹோன் ஆகியோரைப் பிரித்தறியப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இது சர்ச் ஆஃப் அயர்லாந்து கட்டடங்களுக்கு மட்டும். கத்தோலிக்கத் தேவாலயங்கள் இதற்குள் வராது. அயர்லாந்தின் கண்ணாடியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

அயர்லாந்தின் கண்ணாடிக் கலைஞர் ஹாரி கிளார்க் பெயர் வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அவர் 1931 ஜனவரியில் இறந்துவிட்டார். அவர் பெயரில் இருந்த நிறுவனம் 1973 வரை ஓடியது. அதே ஆழ்ந்த நீலம், அதே நீள விரல்கள், அதே நெருக்கமான பின்னணி எல்லாவற்றையும் பட்டறையாட்கள் தொடர்ந்தார்கள். 1931க்குப் பிந்தைய ஜன்னலுக்கு "ஹாரி கிளார்க்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தளத்தின் மற்ற பதிவுகளையும் சந்தேகத்தோடு படியுங்கள். அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. சந்தேகம் தீர அங்கேதான் போக வேண்டும்.

இடைக்காலக் கண்ணாடிக்கு 'கார்ப்பஸ் விட்ரியேரம்' அமைப்பின் பிரிட்டன் படத் தொகுப்பு. 1952ல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் பிறந்த பன்னாட்டுத் திட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜன்னலைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான்; அதற்கான கடை இது இல்லை. ஆனால் இவர்கள் வகுத்த ஜன்னல் எண் முறையை எந்தக் காலத்துக் கண்ணாடியைத் தேடுபவரும் கற்றுக்கொள்ள வேண்டும். பீடத்துக்கு நேர் மேலே உள்ள கிழக்கு ஜன்னல் 1. அங்கிருந்து மேற்கு நோக்கி வடக்குச் சுவரில் என்-2, என்-3. தெற்குச் சுவரில் எஸ்-2, எஸ்-3. மேல்தளத்து ஜன்னல்களுக்குப் பெரிய எழுத்து, கீழ்த்தளத்துக்குச் சின்ன எழுத்து. ஒரு ஜன்னலுக்குள் பலகங்களை அடிவரிசையிலிருந்து மேலே 1, 2, 3 என்றும், இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்றும் எண்ணுவார்கள். ஆக 2-சி என்றால் கீழிருந்து இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது. இங்கே கிழக்கு என்பது வழிபாட்டுக் கிழக்கு, அதாவது பீடம் இருக்கும் திசை. கைப்பேசித் திசைகாட்டியை நம்பிக் குறித்தால் நகர்ப்புறத் தேவாலயங்களில் எல்லாம் இடம் மாறிவிடும். தெருவுக்கு ஏற்றபடி கட்டடத்தைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள்.

இடைக்காலத்தில் பெயர் தெரிந்த கைவினைஞர்கள் மிகக் குறைவு. யார்க் பேராலயத்தின் பெரிய கிழக்கு ஜன்னல் ஒரு விதிவிலக்கு. காவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தோர்ன்டனுடன் 1405ல் போட்ட ஒப்பந்தத்தின் விவரம் நமக்குக் கிடைத்திருக்கிறது, 1408ல் முடித்தார், மொத்தம் 56 பவுண்டு. மற்றபடி இந்தத் தொகுப்பு தரும் பயன் 'யார்' என்பதில் இல்லை, 'எது பழையது' என்பதில் இருக்கிறது. வின்செஸ்டர் கல்லூரி சிற்றாலயத்தைப் பாருங்கள். 1820களில் ஷ்ரூஸ்பரியின் பெட்டன் அண்ட் எவன்ஸ் பட்டறைக்குச் சீர்செய்ய அனுப்பினார்கள். அவர்கள் பழைய கண்ணாடிக்குப் பதிலாகப் புதிதாய்ப் பிரதி செய்து பொருத்திவிட்டார்கள். பழையது பல கைகளுக்குச் சிதறிப் போனது. அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பவர் பார்ப்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டை. தொகுப்பின் பதிவில் இந்தத் தகவல் இருக்கிறதா என்று பார்க்காமல் படத்தை மட்டும் எடுத்துப் போடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

இங்கிலாந்துத் திருச்சபையின் 'சர்ச் ஹெரிட்டேஜ் ரெக்கார்ட்' சுமார் 16,000 தேவாலயங்களுக்குப் பக்கம் வைத்திருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கண்ணாடிக்கான பகுதி பல பக்கங்களில் வெறுமையாகவே கிடக்கிறது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலும் அப்படித்தான். பழைய பதிவுகளில் ஜன்னலுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். கட்டடத்தின் ஆண்டு, கட்டடக் கலைஞர் பெயர் ஆகியவற்றுக்கு இரண்டும் உதவும். அந்தக் கட்டடக் கலைஞர் பெயரை அலட்சியம் செய்யாதீர்கள். பல வேலைகள் அவர் கை வழியாகத்தான் பட்டறைக்குப் போயின. கட்டடக் கலைஞர் பியூஜின் என்றால் பர்மிங்ஹமின் ஹார்ட்மன் பட்டறை. பட்டர்ஃபீல்டு என்றால் அலெக்சாண்டர் கிப்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பாட்லி என்றால் பர்லிசன் அண்ட் கிரில்ஸ் அல்லது கெம்ப். இது வாய்ப்பு மட்டுமே. சான்று என்று எழுதிவிடக் கூடாது.

இணையச் சேவை எதுவும் ஜன்னலின் கீழ் மூலைக்கு ஈடாகாது. கையொப்பமோ முத்திரையோ இருந்தால் பெரும்பாலும் வலது ஓரப் பிரிவின் அடியில், கரைப் பட்டைக்குள் இருக்கும்; சில நேரம் இடது ஓரத்தில். சார்ல்ஸ் ஈமர் கெம்பின் முத்திரை கோதுமைக் கதிர்க்கட்டு. 1890களின் நடுப்பகுதிக்கு முந்தைய வேலைகளில் அது பொதுவாக இராது. 1907ல் அவர் இறந்தபின் வால்டர் டவர் நிறுவனத்தை நடத்தினார். அப்போது கதிர்க்கட்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கோபுரம் ஏறியது. கைக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அந்தக் கோபுரம் வெறும் அழுக்குப் புள்ளியாகத் தெரியும். அதைத் தவறவிட்டால் 1920ல் செய்த ஜன்னலைக் கெம்ப் கணக்கில் எழுதிவிடுவோம். பட்டியல்களில் இந்தத் தவறு சகஜம்.

நினியன் காம்ப்பருடையது ஸ்ட்ராபெரிக் கொத்து. அவர் தந்தை அபெர்டீனில் ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்ட்ராபெரி கொடுத்துக்கொண்டிருந்தபோது இறந்தார், அந்த நினைவு. ஜெஃப்ரி வெப் சிலந்தி வலை போட்டார். அவர் சகோதரர் கிறிஸ்டோபர் வெப், புனித கிறிஸ்டோபரின் உருவம். சகோதரர்களின் வேலையை ஒன்றாக்கிவிடும் பட்டியல்களைத் திருத்த இந்த இரண்டு முத்திரைகளே போதும். ஹ்யூ ஈஸ்டனுக்குக் காற்றுத்திசைச் சேவல். பவல் நிறுவனம் 1923ல் வீல்ட்ஸ்டோனுக்கு இடம் மாறிய காலத்துக்குப் பிந்தைய ஜன்னல்களில் வெள்ளை அங்கித் துறவி உருவம் தென்படும். அதற்கு முந்தைய பவல் ஜன்னல்களில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றே: மொத்த ஜன்னலையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டுக் கிளம்பிவிடுவது. அடையாளம் காண வேறு படங்கள் வேண்டும். ஒவ்வொரு செங்குத்துப் பிரிவும் தனியாக. அடியில் உள்ள ஒரு முழ உயரப் பட்டை தனியாக. எழுத்துப் பொறிப்பு தனியாக. மேலே கல் வேலைப்பாட்டுக்குள் இருக்கும் சிறு கண்ணாடிகள் தனியாக. மேகம் மூடிய நாள்தான் நல்லது. வெயில் நேராக அடித்தால் வெளிர்நிறங்கள் வெந்து போகும், வெளியிலுள்ள பாதுகாப்புக் கம்பி வலையின் நிழலும் கண்ணாடியில் விழும். ஒளியைக் கண்ணாடியில் அளங்கள், சுவரில் அளக்காதீர்கள். கேமரா சுவரின் இருட்டைப் பார்த்துத் திறந்துவிட்டால் தீட்டிய கோடுகள் எல்லாம் மறைந்துவிடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. மேல் ஜன்னல்களுக்கு 200 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், அது இல்லையென்றால் 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர்.

வெளியே போய்ப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ஈயக் கோடுகளின் அமைப்பு வெளியிலிருந்துதான் தெளிவாகத் தெரியும். கண்ணாடி ஒரே சீரான தடிமனாக இல்லாமல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருந்தால் அது கட்டடக் கலைஞர் பிரையர் கண்டுபிடித்த பலகைக் கண்ணாடியாக இருக்கலாம். ஊதிய கண்ணாடியைச் சதுர அச்சுப் பெட்டிக்குள் விட்டு, ஆறியதும் பக்கங்களை வெட்டி எடுப்பது அந்த முறை. 1889க்கு முன் அது கிடையாது. ஆக, "1875" என்று பதிவு சொல்லும் ஜன்னலில் அது இருந்தால் பதிவு தவறு, அல்லது ஜன்னலில் பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள். ஒரு அங்குலத் தடிமனுள்ள கட்டிக் கண்ணாடியைக் கான்கிரீட்டிலோ பிசினிலோ பதித்திருந்தால் பிரிட்டனில் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது.

ஆண்டு விஷயத்தில் அடிக்கடி விழும் குழி நினைவுப் பொறிப்பு. "1874ல் மறைந்த இன்னாரின் நினைவாக" என்று இருந்தால், ஜன்னல் 1874க்கு முந்தையது அல்ல என்பது மட்டும் உறுதி. மகன் பணம் சேர்த்து முப்பது ஆண்டு கழித்து வைத்திருக்கலாம். வேல்ஸ் பட்டியல் இதில் ஓரளவு எச்சரிக்கையாக இருக்கிறது. பயனர்களே படம் ஏற்றும் தளங்களில் இறந்த ஆண்டுதான் ஜன்னலின் ஆண்டாக நிற்கிறது.

இந்தக் குழியிலிருந்து ஏறி வர நல்ல ஏணி செய்தித்தாள். வேல்ஸுக்கு இது இலவசம்: தேசிய நூலகத்தின் 'வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன்' 1919 வரையிலான 11 லட்சத்துக்கும் அதிகமான பக்கங்களை வைத்திருக்கிறது. மற்றப் பகுதிகளுக்கு 'பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்'. பிரிட்டிஷ் நூலகத்தின் கூட்டோடு 2011ல் தொடங்கிய அந்தச் சேவையில் தேடுவது இலவசம், பக்கத்தை முழுதாகப் படிக்கச் சந்தா. எங்கள் யோசனை: தேடல் முடிவில் வரும் துண்டு வரிகளை முதலில் இலவசமாகப் படித்து, ஊர், ஆண்டு, நாளிதழ் பெயர் எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, பட்டியல் நீண்டபின் ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.

தேடும் முறையிலும் நுணுக்கம் இருக்கிறது. தேவாலயத்தின் புனிதர் பெயரைப் போட்டுத் தேடினால் வேலைக்காகாது. அந்தக் காலச் செய்தியாளர்கள் "பங்குக் கோயில்" என்று மட்டும் எழுதினார்கள். ஊர் பெயரோடு 'மெமோரியல் விண்டோ' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இறந்தவரின் குடும்பப் பெயரைத் தனியாகத் தேடுங்கள். இறந்த ஆண்டு முதல் பத்துப் பதினைந்து ஆண்டுக்குத் தேடலை விரியுங்கள். பழைய அச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பட்டறைப் பெயர்களைச் சிதைக்கும். நியூகாசிலின் வில்லியம் வெய்ல்ஸ் பெயரில் ஒரு எழுத்து விழுந்தால் 'வேல்ஸ்' ஆகிவிடும். வேல்ஸ் நாட்டுப் பத்திரிகைகளில் அதைத் தேடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரைத் தேட 'நியூகாசில்' என்ற சொல்லும் 'விண்டோ' என்ற சொல்லும் போதும். கிடைத்த செய்தியில் "இன்னார் நிறுவனம் செய்தது" என்று இருந்தாலும் அதை நல்ல சான்று என்று சொல்லலாம், முழுச் சான்று என்று சொல்ல முடியாது. விழாவில் பாதிரியார் சொன்னதைக் கேட்டு எழுதியது அது.

முழுச் சான்று காகிதத்தில் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபைக் கட்டடத்தில் ஜன்னல் வைக்க மறைமாவட்டத்தின் 'ஃபேகல்ட்டி' அனுமதி வேண்டும். அந்த மனுக் கட்டில் பட்டறையின் பெயர், தொகை, சில நேரம் வண்ண வரைபடமே இருக்கும். பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பகுதியில் பலர் அனுமதி வாங்காமலே வைத்தார்கள், ஆகவே கட்டு இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். பவல் நிறுவனத்தின் ஆர்டர் புத்தகங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கலை, வடிவமைப்பு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஹார்ட்மனின் நாள்கணக்குப் புத்தகங்கள் பர்மிங்ஹம் நூலகத்தில். பர்லிசன் அண்ட் கிரில்ஸ் ஆவணங்கள் இரண்டாம் உலகப் போரில் அழிந்தன. அதனால்தான் அந்தப் பெயர் வரும் இடங்களில் பாணியை வைத்துச் சொன்ன முடிவுகள் அதிகம். இது ஆய்வாளர்களின் சோம்பல் அல்ல.

தேவாலயத்துக்கு நேரில் போகும்போது பொறுப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: 'நாட்ஃபாஸ்' என்ற கலைச் சங்கத்தின் (இப்போது 'ஆர்ட்ஸ் சொசைட்டி') தன்னார்வலர்கள் எழுதிய பதிவேடு இருக்கிறதா என்று. பல ஊர்களில் அந்தத் தடிப்புத்தகம் உடைமாற்றும் அறை அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். மெழுகுவர்த்தித் தண்டு முதல் ஜன்னல் வரை ஒவ்வொன்றும் அளவோடு அதில் இருக்கும். இணையத்தில் கிடைக்காது.

கண்ணைப் பழக்க ஈலி பேராலயத்தின் தென்புற மேல்மாடத்தில் உள்ள ஸ்டெயின்ட் கிளாஸ் மியூசியம் நல்ல இடம். நுழைவுக் கட்டணம் உண்டு. குறுகிய சுழல் படிக்கட்டு ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் இருபதடி உயரத்தில் பார்த்ததை இங்கே மூக்குக்கு நேரே பார்க்கலாம். பதினான்காம் நூற்றாண்டு முதல் புழக்கத்துக்கு வந்த வெள்ளிச் சாயம் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பூசப்பட்டு மஞ்சளாக உள்ளிறங்கியிருப்பதும், பதினெட்டாம் நூற்றாண்டின் எனாமல் ஓவியம் ஈயக் கோடே வேண்டாம் என்று கண்ணாடியைத் துணிச்சீலையாக நினைத்து வரையப்பட்டிருப்பதும் அருகருகே இருக்கும். அதை ஒரு மணி நேரம் பார்த்தால் பட்டியல்களில் உள்ள படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

இந்தியாவில் இருக்கும் பிரிட்டிஷ் ஜன்னல்களுக்கு மேலே சொன்ன எந்தப் பட்டியலும் நேரடியாக உதவாது. கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்கு ஜன்னல் மேயோ பிரபுவின் நினைவாக பர்ன்-ஜோன்ஸ் வரைந்தது; மும்பை கொலாபாவின் ஆப்கன் சர்ச்சில் இருப்பவை வில்லியம் வெய்ல்ஸ் செய்தவை. பிரிட்டனில் பார்த்த அதே பட்டறைகள்தான், ஆனால் பட்டியல்களின் எல்லை கடலோடு முடிகிறது. சுற்றுவழி ஒன்று உண்டு. முதலில் ஜன்னலின் கீழ் மூலையில் முத்திரை தேடுங்கள். கிடைத்தால் வேல்ஸ் பட்டியலில் அதே பட்டறையின் பக்கத்தைத் திறந்து, பத்தாண்டு இடைவெளிக்குள் வரும் ஜன்னல்களோடு முகம், கை, அங்கியின் மடிப்பு, எழுத்துப் பொறிப்பின் வடிவம் நான்கையும் ஒப்பிடுங்கள். இந்த நான்கில் எழுத்துப் பொறிப்பைத்தான் அதிகம் நம்பலாம். முகம் கார்ட்டூனோடு பட்டறை விட்டுப் பட்டறை போகும். எழுத்து எழுதிய கை அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. அதன்பின் பட்டறையின் ஆவணம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஊர், தேவாலயம், உத்தேச ஆண்டு, ஜன்னலின் அகல உயரம், எத்தனை பிரிவு, யார் நினைவு என்ற ஆறையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். படத்தை மட்டும் அனுப்பி "இது யாருடையது?" என்று கேட்டால் ஆவணக் காப்பாளரால் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே முடிவு செய்ய முடியாது.